பனி விழுந்த மறுநாள்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் மாலை அமர்வில் ஆற்றிய உரை)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "அரை மணி நேரம் பேசணும். தொழில் பத்தி வேண்டாம். போன சந்திப்பில ஒருத்தர் கான்கிரீட் பத்திப் பேசினார், பாதி ஹால் தூங்கிடுச்சு" என்றார். நானும் சிவில்காரன்தான். அதனால் கான்கிரீட்டை விட்டுவிட்டுப் பனியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். திருச்சி வெயிலில் உட்கார்ந்து கேட்க அதைவிட நல்ல விஷயம் வேறு இருக்க முடியாது.

2024 பிப்ரவரி மூன்றாவது வாரம் நாங்கள் மூன்று பேர், மூவரும் இதே கல்லூரி, இதே விடுதி, காஷ்மீரில் உள்ள குல்மார்க்குக்குப் பனிச்சறுக்குப் போயிருந்தோம். ஒருவன் திருவெறும்பூர் பக்கம் பாய்லர் வேலையில் இருக்கிறான். அவனைப் பாய்லர் என்றே சொல்கிறேன், விடுதியிலும் அதுதான் பெயர். இன்னொருவன் அமெரிக்காவில் கொலராடோவில் இருக்கிறான். மூன்றாவது ஆள் நான். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரைப் பக்கம். நானும் பாய்லரும் 2016-இல் மணாலியில் இருக்கும் அரசு மலையேற்ற நிறுவனத்தில் பனிச்சறுக்குப் பயிற்சி எடுத்தோம். கொலராடோ அங்கேயே பத்து வருஷமாகச் சறுக்குகிறவன். எங்களை எல்லாம் அவன் 'அரிச்சுவடி' என்றுதான் கூப்பிடுவான்.

"பனிக்குள்ள போய் விழுந்து எழுந்திரிக்க இவ்வளவு செலவாடா?" என்று என் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் பவுடர் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பவுடர் என்றால் முகத்துக்குப் போடுவது. சறுக்குக்காரர்கள் பவுடர் என்று சொல்வது, நல்ல குளிரில், காற்று அதிகம் இல்லாமல், புதிதாக விழுந்து இன்னும் யாரும் மிதிக்காத பனியை. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ. ஒரு கன மீட்டர் புதுப் பவுடர் ஐம்பதிலிருந்து நூறு கிலோதான் இருக்கும், மீதி எல்லாம் காற்று. கையில் அள்ளி உருண்டை பிடிக்கப் பார்த்தால் பிடிபடாது. ஊதினால் பறக்கும். ஒரு மீட்டர் உயரத்துக்கு விழுந்த பனியை உருக்கினால் ஒரு சாண் தண்ணீர்கூடத் தேறாது.

அதில் சறுக்குவது எப்படி இருக்கும்? சாதாரணமாக உருட்டி இறுக்கிய பாதையில் சறுக்கினால் காலுக்கடியில் 'கரகர' என்று சத்தம் வரும், அதிர்வு முழங்கால் வரைக்கும் ஏறும். பவுடரில் சத்தமே கிடையாது. முழங்கால் ஆழத்தில் போகிறோம், தரை தட்டுவதில்லை. என் எடையும் மூட்டையும் சேர்த்து எண்பது கிலோ. வெறும் பூட்ஸோடு நின்றால் சதுர மீட்டருக்கு ஆயிரத்து முந்நூறு கிலோ அழுத்தம், இடுப்பு வரை புதைந்துவிடுவோம். காலில் அகலமான ஸ்கீ இரண்டு கட்டினால் அது சுமார் இருநூறு கிலோவாகக் குறைகிறது. அஸ்திவாரத்தின் அகலத்தைக் கூட்டுகிற அதே சங்கதிதான். எங்கள் மண்ணியல் பேராசிரியர் முன்வரிசையில் இருக்கிறார், கணக்கு சரிதானே சார்? பழகாதவர்கள் பயத்தில் பின்னால் சாய்வார்கள். சாய்ந்தால் ஐந்து நிமிஷத்தில் தொடை எரியும். இரண்டு காலிலும் எடையைச் சமமாக வைத்துக்கொண்டு, ஊஞ்சல் ஆடுகிற மாதிரி நிதானமாக ஏறி இறங்க வேண்டும். அது ஒருமுறை வாய்த்துவிட்டால் மறக்காது.

ஆனால் அது எப்போதும் கிடைக்கிற பொருள் அல்ல. விழுந்து ஒரு நாள், இரண்டு நாள். பிறகு வெயில் பட்டாலும் போச்சு, காற்று அடித்தாலும் போச்சு, பத்துப் பேர் சறுக்கினாலும் போச்சு. அதனால்தான் இதற்குப் 'பவுடரைத் துரத்துவது' என்று பெயர். நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. ஜூன் மாதம் ஆனால் நம் ஊரில் டீக்கடை தோறும் "மேட்டூர் திறந்தாச்சா? முக்கொம்புக்கு எப்ப வரும்?" என்று கேட்பார்கள். சின்ன வயதில் வறண்ட மணலில் நின்றுகொண்டு, நுரையும் சருகுமாகப் புதுத்தண்ணீர் நாக்கை நீட்டிக்கொண்டு வருவதைப் பார்க்க ஓடியிருக்கிறோம். மறுநாள் போனால் அது வெறும் ஆறு. குல்மார்க்கில் டாக்ஸிக்காரரிலிருந்து ஓட்டல் பையன் வரை எல்லோரும் வானத்தைப் பார்த்துக் கேட்பதும் அதே மாதிரிக் கேள்விதான்.

நமக்கு மழை வங்காள விரிகுடாவிலிருந்து ஐப்பசி கார்த்திகையில் வருகிறது. அவர்களுக்குப் பனி எங்கோ மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி, ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி, மேற்கிலிருந்து வருகிறது. வானிலைக்காரர்கள் வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் என்பார்கள். டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாளைக் காஷ்மீரில் 'சில்லை கலான்' என்கிறார்கள், பெருங்குளிர். அந்த நாற்பது நாளில்தான் பனி மூட்டை மூட்டையாகக் கொட்ட வேண்டும். அதற்குப் பிறகு இருபது நாள் சின்னக்குளிர், பத்து நாள் குட்டிக்குளிர்.

2024 ஜனவரியில் அது கொட்டவில்லை. வெள்ளையாக இருக்க வேண்டிய குல்மார்க் புல்தரை வைக்கோல் நிறத்தில் கிடக்கும் படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. வெளிநாட்டுக்காரர்கள் அறைகளை ரத்து செய்தார்கள். பாய்லர் எனக்கு அந்தப் படத்தை அனுப்பி, "இதுக்கு நம்ம ஜி கார்னர் கிரவுண்டே போதும்டா" என்று எழுதினான். டிக்கெட்டை ரத்து செய்வதா வேண்டாமா என்று மூன்று பேரும் ராத்திரி ராத்திரியாகப் பேசினோம். கொலராடோ லீவு வாங்கிவிட்டான், மாற்ற முடியாது. ஜனவரிக் கடைசியில் பனி ஆரம்பித்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் நிலைமை கொஞ்சம் தேறியது. சரி, ஆனது ஆகட்டும் என்று கிளம்பினோம்.

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து ஸ்ரீநகர். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஐம்பது கிலோமீட்டர். கடைசிப் பதின்மூன்று கிலோமீட்டர் தங்மார்க் என்ற ஊரிலிருந்து ஏற்றம், அங்கே டயருக்குச் சங்கிலி கட்டுகிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தது 17ஆம் தேதி. 18ஆம் தேதி பிடித்த பனி 20 வரை விடவில்லை. ஜம்மு நெடுஞ்சாலை அடைபட்டது. ஒரு மாதம் அழ வைத்துவிட்டு மூன்றே நாளில் மொத்தத்தையும் கொட்டியது.

இந்த மூன்று நாளும் என்ன செய்தோம் என்றால், உட்கார்ந்திருந்தோம். பவுடர் துரத்துகிறவன் வாழ்க்கையில் முக்கால்வாசி ஜன்னலோரம்தான். மின்சாரம் போகும், வரும். நடு அறையில் ஒரு விறகு அடுப்பு, அதைச் சுற்றி ஈரச் சாக்ஸ். பாய்லர் அந்த அடுப்பின் புகைபோக்கியைப் பார்த்துவிட்டு, "எஃபிஷியன்ஸி இருபதுகூட இருக்காது" என்று தினமும் குறைபட்டுக்கொண்டான். அவன் ஹரீஸா என்கிற ஆட்டுக்கறிக் களியைக் காலை மாலை சாப்பிட்டான். சைவக்காரனான எனக்கு நத்ரு என்கிற தாமரைத்தண்டும், ஹாக் என்கிற கீரையும், சோறும். கீரையும் சோறும் இருக்கிற ஊரில் ஸ்ரீரங்கத்துக்காரன் எவ்வளவு நாளும் இருப்பான்.

குல்மார்க் எப்படிப்பட்ட இடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் இருப்பது சுமார் 2,650 மீட்டர் உயரத்தில், ஒரு கிண்ணம் மாதிரி. அதற்கு மேலே அஃபர்வத் மலை. கொண்டோலா என்ற கம்பிவடக் கூண்டு இரண்டு கட்டமாக ஏறுகிறது. கோங்டோரி வரைக்கும் முதல் கட்டம், 1998-இல் வந்தது. அங்கிருந்து அஃபர்வத் தோள் வரைக்கும் இரண்டாம் கட்டம், 2005-இல் வந்தது. அந்த இரண்டாம் கட்டத்தில் மட்டும் சுமார் 900 மீட்டர் ஏற்றம். நம் ராஜகோபுரம் 72 மீட்டர். பன்னிரண்டு ராஜகோபுரத்தை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் உச்சியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே மரம் கிடையாது, வேலி கிடையாது. கொண்டோலா பாதையை ஒட்டிய பகுதியைத்தான் ரோந்துக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதைத் தாண்டி இடமோ வலமோ போனால் மலையும் நீங்களும்தான். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் இங்கே வருவது அந்த இடமும் வலமும் இருப்பதால்தான். 2022-இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான் இந்த மலையடிவாரத்துக்காரர்.

21ஆம் தேதி காலை வானம் வெளுத்தது. அதே நாள்தான் அங்கே கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளும் தொடங்கின. ஊரே கலகலவென்று இருந்தது. வாசலில் மூட்டளவு புதுப்பனி. ஒரு தடம்கூட இல்லை. கொலராடோ ஐந்து மணிக்கே பூட்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு மேல் கிண்ணம் வேண்டும். இருபது மணி நேரம் பறந்து வந்தது அதற்காகத்தான்.

எங்கள் கைடு ஐம்பது வயதுக்காரர், அந்தப் பக்கத்துக் கிராமம்தான். முப்பது வருஷமாகப் பனிச்சறுக்கு. ஜனவரி முழுக்க அவருக்கு ஒரு நாள் வேலைகூட இல்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் எங்களைக் கொண்டோலாவுக்கு அழைத்துப் போகவில்லை. ஊர் ஓரமாக, காட்டுக்கு மேல் விளிம்பில் ஒரு மேட்டுக்கு நடத்திப்போனார். மண்வெட்டியை எடுத்துத் தரை தட்டும் வரைக்கும் குழி வெட்டினார்.

பொறியியல் படிக்கிற பிள்ளைகள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். குழியின் சுவரில், கேக்கை வெட்டினால் தெரிகிற மாதிரி, அடுக்கு அடுக்காகத் தெரிகிறது. மேலே பஞ்சு. அதற்குக் கீழே காற்று இறுக்கிய ஒரு கெட்டி அடுக்கு. அதற்கும் கீழே, கிட்டத்தட்ட அடியில், அரைச்சாண் கனத்துக்குச் சர்க்கரை. நிஜமாகவே சர்க்கரை மாதிரி, ஒட்டாமல் உதிர்கிற பனி மணிகள். பனி கொஞ்சமாக விழுந்து, பிறகு பல நாள் வானம் தெளிவாக இருந்து இரவெல்லாம் குளிர்ந்தால், தரைச்சூட்டுக்கும் மேற்பரப்புக் குளிருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பனி இப்படி மாறிவிடுகிறது. ஜனவரியின் வறட்சி அங்கே கீழே கிடந்தது. ஊரார் எல்லாரும் போன மாதத்தை மறந்தாகிவிட்டது, மலை மறக்கவில்லை.

மணல் என்றால் நமக்குத் தெரியும். காவிரி மணலைக் குவித்தால் முப்பது, முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல் நிற்காது, உதிர்ந்து தானே சரிசெய்துகொள்ளும். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் செய்ததுதான். பனி அப்படி இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செங்குத்தாகக்கூட நிற்கும், ஏமாற்றும். விடும்போது மணி மணியாக விடாது, ஒரு மைதானம் அகலத்துக்குப் பலகையாக விடும். தரையில் பட்டாணியைக் கொட்டி அதன் மேல் பலகையைப் போட்டு அதன் மேல் ஆள் நின்றால் என்ன ஆகும், அதுதான். அபாயம் அதிகம் உள்ள சரிவு முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி வரை. நல்ல பவுடர் ஓட்டத்துக்குச் சறுக்குக்காரன் தேடுகிற சரிவும் ஏறத்தாழ அதேதான். இந்த ஆட்டத்தின் கோளாறே அங்கேதான் இருக்கிறது. பனி புதிதாக, ஆழமாக, ஆசையாக இருக்கிற நாள்தான் அதன் பாரம் கீழடுக்கின் மேல் புதிதாக ஏறியிருக்கிற நாளும்.

கைடு முப்பது சென்டிமீட்டருக்கு முப்பது சென்டிமீட்டர் ஒரு தூணைச் செதுக்கித் தனியாக நிறுத்தினார். அதன் தலையில் மண்வெட்டியைப் படுக்க வைத்து, கையால் தட்ட ஆரம்பித்தார். முதல் பத்துத் தட்டு மணிக்கட்டை மட்டும் அசைத்து. அடுத்த பத்து முழங்கையிலிருந்து. கடைசிப் பத்து தோளிலிருந்து. நம் கான்கிரீட் கியூப் டெஸ்ட் மாதிரி ஒரு டெஸ்ட். பன்னிரண்டாவது தட்டில் தூணின் மேல்பாதி, டிராயர் இழுத்த மாதிரி, வழவழவென்று வெளியே வந்து அவர் மடியில் விழுந்தது. "எத்தனையாவது தட்டு என்பது பெரிதில்லை. எப்படி வந்தது பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்த்தோம். வெட்டின மாதிரி நேரான முகம்.

"இன்னிக்கு மேலே வேண்டாம்" என்றார்.

கொலராடோ சும்மா விடுகிறவன் இல்லை. அவன் கேட்டதும் சரியான கேள்விதான். ஒரு குழி அந்த ஒரு இடத்தைப் பற்றித்தான் சொல்லும். மேலே திசை வேறு, காற்று வேறு, அங்கே அடுக்கு வேறாக இருக்கலாம். ஒரே ஒரு கியூபை உடைத்துவிட்டு முழுப் பாலத்தையும் தள்ளுபடி செய்கிற எஞ்சினீயர் உண்டா? கைடு தலையாட்டினார். "இருக்கலாம்" என்றார். பிறகு பையிலிருந்து அன்றைக்கு நாங்கள் கொடுத்திருந்த கூலிப் பணத்தை எடுத்து நீட்டினார். "நீங்கள் போவதானால் போகலாம். நான் வரமாட்டேன்."

ஒரு மாதம் சம்பாத்தியம் இல்லாத மனுஷன். அந்தப் பணம் அவர் கையில் எங்கள் முன்னால் நீண்டுகொண்டே இருந்தது. யாரும் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாய்லர்தான், "பாய் சாப், உள்ள வைங்க" என்றான். தமிழில் கொலராடோவைப் பார்த்து, "டேய், பிரஷர் கேஜ் சிவப்புல நிக்குது, நீ கேஜ் தப்பா இருக்கலாம்னு பேசிட்டிருக்க" என்றான். தொழில் பற்றிப் பேசக்கூடாது என்று செயலாளர் சொன்னதை மறந்துவிட்டேன், மன்னிக்கணும்.

பணம் உள்ளே போனது. கொலராடோவின் முகம் மட்டும் சரியாகவில்லை.

அன்றைக்குக் கைடு எங்களைக் காட்டு வழியில் கூட்டிப்போனார். குல்மார்க் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து தேவதாரு, ஃபர் மரங்களுக்கு நடுவே பாபா ரேஷி தர்கா வரை இறங்குகிற வழி. பதினைந்தாம் நூற்றாண்டு சூஃபி ஒருவரின் அடக்கத்தலம் அது. காட்டில் மரம் இருக்கிறது என்பதால் மட்டும் பத்திரம் ஆகிவிடாது, சரிவுதான் முக்கியம். செல்போனில் மட்டம் பார்க்கிற வசதி இருக்கிறதே, அதை ஸ்கீ கம்பின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். இருபது, இருபத்திரண்டு. இருபத்தைந்தைத் தாண்டின இடங்களைக் கைடு என்னைக் கேட்காமலே சுற்றிப் போனார். அவர் கண்ணுக்கும் என் போனுக்கும் இரண்டு டிகிரிதான் வித்தியாசம் வந்தது.

அந்த ஓட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் நண்பர்கள் கோபிப்பார்கள். ஒருவர் முன்னால், மற்றவர்கள் நின்று பார்க்க, பிறகு அடுத்தவர், அப்படித்தான் இறங்க வேண்டும். என் முறை வந்தபோது எனக்கு முன்னால் ஒரு கோடு கிடையாது. மரக்கிளைகள் பாரத்தில் கை கூப்பின மாதிரி தொங்குகின்றன. முழங்காலுக்கு மேல் பனி நெஞ்சில் வந்து மோதுகிறது, கண்ணாடியில் அடிக்கிறது, வாயைத் திறந்தால் வாயில் போகிறது. எடையே இல்லை. ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம், மூச்சு அதோடு சேர்ந்துகொள்கிறது. எட்டாவதோ ஒன்பதாவதோ திருப்பத்தில் தலைகுப்புற விழுந்தேன். வலிக்கவில்லை, ஆனால் ஒரு ஸ்கீ கழன்று காணாமல் போய்விட்டது. முழங்கால் ஆழப் பனியில் ஸ்கீ தேடுவது, தெப்பக்குளத்தில் மோதிரம் தேடுவது. கம்பியால் குத்திக் குத்தி இருபது நிமிஷம். பாய்லர் மேலே நின்று சிரித்த சிரிப்பில் ஒரு கிளைப் பனி முழுவதும் அவன் தலையிலேயே கொட்டியது. அதுதான் கடவுள் இருக்கிறார் என்பதற்கு அன்றைக்குக் கிடைத்த ஆதாரம்.

கடைசியில் மரங்கள் விலக, தர்காவின் கூரை தெரிந்தது. வாசலில் பெரியவர்கள் ஃபெரன் அங்கிக்குள் காங்கிரி என்ற கனல் சட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கோயில் வாசலில் போய் முடிகிற சறுக்குப் பாதை உலகத்தில் வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. உப்புப் போட்ட இளஞ்சிவப்பு டீ கொடுத்தார்கள். ஜீப் பிடித்து மேலே வந்து இன்னொரு தடவை இறங்கினோம். கொலராடோவும் இறங்கினான். எங்களைவிட நூறு மடங்கு அழகாக இறங்கினான். ஆனால் ராத்திரி சாப்பாட்டில் யாரோடும் பேசவில்லை.

மறுநாள் 22. நல்ல வெயில். மீண்டும் அதே காட்டுப் பக்கம். மதியத்துக்கு மேல் நாங்கள் ஊருக்குள் திரும்பி டீ குடித்துக்கொண்டிருந்தபோது கைடுக்குப் போன் வந்தது. இரண்டு வார்த்தை பேசினார். மண்வெட்டியும் துழாவுகம்பியும் இருந்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்களிடம் எதுவும் சொல்லாமல் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஊரெல்லாம் செய்தி. அஃபர்வத் சரிவில், கிலன்மார்க் பக்கம், பாதைக்கு வெளியே சறுக்கிக்கொண்டிருந்த ரஷ்யப் பயணிகள் மேல் பனிச்சரிவு. ஒருவர் இறந்துபோனார். மற்றவர்களை மீட்டுவிட்டார்கள். பத்திரிகைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

அவர்கள் செய்தது சரியா தப்பா என்று பேச எனக்குத் தகுதி கிடையாது. அவர்கள் என்ன பார்த்தார்கள், என்ன முடிவு செய்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அனுபவசாலிகளையும் இந்த மலை விட்டதில்லை. 2010 பிப்ரவரியில் இதே கிலன்மார்க்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப்பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்கள் பனிச்சரிவில் போனார்கள். பனியில் பயிற்சி எடுக்க என்றே வந்தவர்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தில் போலந்து நாட்டவர் இருவர் போனார்கள், 19 பேரை உயிரோடு மீட்டார்கள்.

கைடு இருட்டின பிறகுதான் வந்தார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற முயன்றார், வார் உறைந்துபோயிருந்தது. கொலராடோ எழுந்து போய், அவர் காலடியில் உட்கார்ந்து, அந்த வாரைக் கையால் தேய்த்துத் தேய்த்துக் கழற்றினான். பிறகு இரண்டு பேரும் ரொம்ப நேரம் ஏதோ இந்தியும் இங்கிலீஷுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் பாய்லரும் படுக்கப் போய்விட்டோம். 23ஆம் தேதி ஊருக்குக் கிளம்பிவிட்டோம். அஃபர்வத் மேல் கிண்ணத்தை அந்தப் பயணத்தில் நாங்கள் கீழேயிருந்து பார்த்ததோடு சரி.

இனி மாணவர்களுக்கு. போக ஆசை இருந்தால் டூரிஸ்ட் இடத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு ஸ்கீ வாடகை எடுத்து ஒரு மணி நேரம் விழுந்துவிட்டு வராதீர்கள். மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரிலான மலையேற்ற நிறுவனம், குல்மார்க்கில் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம், பஹல்காமில் ஜவஹர் நிறுவனம், மூன்றும் அரசுடையவை, மூன்றிலும் முறையான பயிற்சி உண்டு. வெளியில் செலவழிப்பதைவிடக் குறைவாகத்தான் ஆகும். இடங்கள் சீக்கிரம் நிரம்பும், மழைக்காலம் முடியும் முன்பே விசாரியுங்கள். காஷ்மீருக்கு என்றால் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி பனிச்சரிவைப் பற்றி இருக்காது, 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதைப் பற்றி இருக்கும். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவ்வப்போதைய நிலவரத்தைப் பார்த்து, வீட்டாரோடு பேசி முடிவு செய்யுங்கள். உத்தராகண்டில் ஔலி இருக்கிறது, அங்கேயும் நல்ல சரிவு.

பாதையை விட்டு வெளியே போகிற நாள் வந்தால், மூன்று சாமான் இல்லாமல் போகக்கூடாது. மண்வெட்டி, துழாவுகம்பி, பீக்கன் என்கிற சின்ன ரேடியோ. உலகம் முழுவதும் அது 457 கிலோஹெர்ட்ஸில் பேசும், எந்தக் கம்பெனி வாங்கினாலும் ஒன்றை இன்னொன்று கண்டுபிடிக்கும். புதைந்தவரை முதல் பத்து நிமிஷத்துக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்கிறார்கள், அதற்கு மேல் நிமிஷத்துக்கு நிமிஷம் வாய்ப்புச் சரிகிறது. ஓடிவந்து நின்ற பனி, பவுடர் மாதிரி இருக்காது. இறுகி, மண்வெட்டி பட்டால் 'டங்' என்று சொல்லும். வெளியிலிருந்து உதவி வரும் நேரத்துக்குள் அது முடிந்துவிடும். கூடப் போனவன்தான் தோண்ட வேண்டும். அதனால் பீக்கன் வாங்கினால் போதாது, கண்ணை மூடிக்கொண்டு தேடப் பழகியிருக்க வேண்டும்.

என்னிடம் இரண்டு பீக்கன் இருக்கிறது, இரண்டையும் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் ஒன்றை நம் கால்பந்து மைதானத்தில் எங்கேயாவது மணலுக்கடியில் புதைத்து வைக்கச் சொல்லிப் பாய்லரிடம் கொடுத்திருக்கிறேன். அதோ கடைசி வரிசையிலிருந்து எழுந்து போகிறான் பாருங்கள். இன்னொன்று இந்த மேஜை மேல் இருக்கிறது. ஆசைப்படுகிற மாணவர்கள் நாலு நாலு பேராக வாருங்கள். கையில் கடிகாரத்தோடு நான் நிற்கிறேன்.